கிழிந்த இடத்தில் ஓர் எண்

போன மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நம் பழைய வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஒன்றாக உட்கார்ந்தோம். பாயசம் பரிமாறும்போது உங்களில் ஒருத்தி என் தோளைத் தட்டி, "ஏய் ரேடியோ, யானை ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவைதான் தும்மும்னு சொன்னியே, அத இன்னமும் எம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அது பொய் என்று சொல்ல வாயெடுத்து, பந்தியில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அந்த யானை என்னோடு வந்தது. அந்த ஒரு பொய்யை மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது, அதோடு கூடப் பிறந்தது இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நமக்கு ஒன்றும் கிழவயது ஆகிவிடவில்லை, முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். ஆனால் சைகோனில் இருந்த அந்த வரிசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் எல்லோருக்கும் அறுபது வயதுக் குரல் வந்துவிடுகிறது.

கோயில் மதிலுக்குப் பின்னால் எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். போர் முடிந்து ஊர் கைமாறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அரிசி அப்போது ரேஷன் புத்தகத்தைக் காட்டி, நாள் முழுக்க நின்று வாங்குகிற பொருளாகிவிட்டது. அரிசியோடு பாதிக்குப் பாதி போபோ என்ற முரட்டுத் தானியத்தையும் அளந்து கொடுப்பார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் பல்லில் ரப்பர் போல நிற்கும். ஆள் நிற்க முடியாத நேரத்தில் வரிசையில் நமக்குப் பதிலாகச் செங்கல் நிற்கும், பழைய செருப்பு நிற்கும், உடைந்த வாளி நிற்கும். ஒவ்வொருவரும் தங்கள் கல்லில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் கல்லில் மட்டும் சுண்ணாம்பால் ஒரு வேல். எழுதத் தெரியாத என் அப்பா போட்ட கையெழுத்து அது.

கல்லை எடுத்துவிட்டு நான் போய் நிற்பேன். நின்றதும் முன்னால் இருக்கும் வியட்நாமியப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"சா வா வீட்டுக் குட்டி வந்துட்டா. இன்னிக்கு என்னடி?"

சா வா என்றால் அவர்கள் வாயில் நம்மவர்கள் எல்லோரும். எனக்கு அது கோபம் தரவில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்ணத்துப்பூச்சி காலால்தான் ருசி பார்க்கும்" என்பேன்.

"காலாலயா?"

"காலால்தான். தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது. ஒட்டகச்சிவிங்கிக்கும் உங்களுக்கும் கழுத்தில் எலும்பு ஒரே எண்ணிக்கை. ஏழு."

அந்தப் பெண்கள் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருத்தி தன் மாமியாரின் கழுத்தையும் தடவிப் பார்ப்பாள். வரிசையில் சிரிப்பு வரும். வெயில் கொஞ்சம் குறைந்தது போல இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பகலில் வியட்நாமியப் பள்ளி, சாயங்காலம் கோயில் கணக்குப்பிள்ளையிடம் தமிழ். இரண்டு எழுத்தும் எனக்கு ஓடியது. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் ஒன்றும் ஓடாது.

அந்தச் செய்திகள் எனக்கு எங்கிருந்து வந்தன என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா பெரிய மார்க்கெட்டில் மிளகு, மிளகாய், பட்டை விற்கிற கடையில் பொட்டலம் கட்டுகிறவர். பழைய ஆட்சியில் அச்சான புத்தகங்களை வீட்டில் வைத்துக்கொள்ள ஜனங்கள் பயந்த காலம் அது. மூட்டை மூட்டையாக அவை மார்க்கெட்டுக்கு எடைக்கு வந்தன. கதை, சட்டம், வைத்தியம், குழந்தைகளுக்கான படப் புத்தகம், எல்லாம் மிளகுக்கு உடுப்பாயின. அப்பா அவற்றிலிருந்து எனக்கென்று பக்கங்களை எடுத்து வைப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் படத்தைப் பார்த்து எடுப்பார். மிருகமோ பறவையோ இருந்தால் மடியில் சொருகிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, சுருக்கம் எடுத்து, "இந்தா, இது என்னா சொல்லுதுன்னு பாரு" என்று நீட்டுவார்.

காகிதம் அப்பாவின் கைக்கு மிகவும் பழகிய பொருள். ஒரு தாளை இரண்டு விரலால் தொட்டாலே அது நூறு கிராம் தாங்குமா, கால் கிலோ தாங்குமா என்று சொல்லிவிடுவார். எந்தப் பக்கம் இழுத்தால் நேராகக் கிழியும், எந்தப் பக்கம் இழுத்தால் கோணும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் பக்கங்களில் பாதிக்கு மேல் முழுசாக இருக்காது. கால் பக்கம், அரைப் பக்கம், மூலை போனது, நடுவில் மிளகாய் விதை ஒட்டி எழுத்து அழிந்தது. செய்தி ஆரம்பிக்கும், முடியாது. 'யானை தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான்' என்று ஒரு தாள் நின்றுபோனது. அன்றைக்கு என்னைச் சுற்றி நீங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தீர்கள். 'மீதி கிழிந்துவிட்டது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவள் தெரியாது என்று சொல்லலாமா? "தும்மும்" என்று முடித்தேன். நீங்கள் ஆவென்று பார்த்தீர்கள். அதற்கப்புறம் கிழிந்த இடங்கள் எனக்குத் தடையாக இருக்கவில்லை. சொல்லப்போனால் முழுத் தாளைவிடக் கிழிந்த தாள்தான் எனக்குப் பிடித்தது.

என் செய்திகளை முதலில் கேட்கிறவர் மாமா. அத்தையின் புருஷன். அப்பாவுக்கு ஒரே தங்கை அத்தை. பிள்ளை இல்லாததால் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டிலேயே, முன்னறையில் ஒரு திரை கட்டிக்கொண்டு இருந்தார்கள். மாமா, கூச்சி என்ற பக்கத்து ஊரிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். அவருடைய அப்பா நம்மவர், அம்மா அந்த ஊர்க்காரி. அவர் பேசும் தமிழ் ஒவ்வொரு சொல்லிலும் மேலே ஏறிக் கீழே இறங்கும்; எழுத்தில் வியட்நாமியம் மட்டும் அவருக்கு ஓடும். வேலை முடிந்து வந்து, நீலப் பூப் போட்ட எனாமல் குவளையில் ஐஸ் போட்ட காப்பியை வைத்துக்கொண்டு, "செய்தி வாசிப்பது யாரு?" என்பார்.

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம் மாமா."

"மூணா? அப்ப மூணு பொண்டாட்டி கட்டிக்கலாம்."

"கட்டுவீங்க, கட்டுவீங்க. இருக்கிற ஒண்ணுக்கே அரிசி வரிசையில நிக்க ஆளில்ல" என்று திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வரும்.

"அட, மத்த ரெண்டு பேரும் போய் நிப்பாங்கல்ல!"

அத்தை வெளியே வந்து முந்தானையால் அவர் தலையில் ஒரு வீசு வீசுவாள். அந்த வீச்சில் மஞ்சள் வாசனையும் மீன் சாஸ் வாசனையும் சேர்ந்து வரும். அது அத்தையின் வாசனை.

ஊருக்குப் போகிற விமானப் பட்டியல் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் எல்லோர் வீட்டிலும் அந்தக் காலத்தில் அது ஒன்றுதான் பேச்சு. இந்தியக் காகிதம் உள்ளவர்களை டான் சோன் ஞாட் விமான நிலையத்திலிருந்து ஏற்றி அனுப்பினார்கள். பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகு ஏறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா, அம்மா, நான், அத்தை, நாலு பேருக்கும் காகிதம் இருந்தது. மாமாவுக்கு இல்லை. அவர் பிறந்தபோது அவருடைய அப்பா எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. ஆகவே அவர் வியட்நாம் பிரஜை. விமானத்தில் அவருக்கு இடமில்லை.

அவர் கடல் வழியைத் தேர்ந்துகொண்டார். கடற்கரை ஊரான வுங் டாவிலிருந்து ஒரு மீன் படகு, அதில் இஞ்சின் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஓர் ஆள்தான், பெண்டாட்டியைக் கூட்டி வரக் கூடாது. ஏதாவது ஒரு தேசத்தில் கரை ஏறியதும் அப்பா வேலை பார்க்கும் கடைக்குத் தந்தி அடிப்பதாக ஏற்பாடு. 'மிளகு வந்து சேர்ந்தது' என்று மட்டும் இருக்கும். அது வந்தால் அத்தை எங்களோடு விமானம் ஏறி ஊர் போய்ச் சேருவாள், அவர் அங்கே வந்து அழைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பினார். கடலில் குளிக்கப் போகிறவர் மாதிரி கால்சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு தர்ப்பூசணி. அத்தை வாசல் வரைகூட வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டார் பார்த்தால் சந்தேகம் வரும். என்னைப் பார்த்து, "ரேடியோ, கடலைப் பத்தி ஒண்ணு சொல்லு" என்றார்.

"சுறா மீனுக்கு எலும்பே கிடையாது மாமா."

"பாவம், நம்மள மாதிரிதான்" என்று சிரித்துவிட்டுப் போனார். குவளையில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அத்தை ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். சுண்டிய பால் வந்த காலி டின் ஒன்று அடுப்படி மாடத்தில் இருந்தது. எழுந்து முகம் கழுவியதும் அதில் ஒரு மிளகு போடுவாள். டிங் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். நாள் ஆக ஆகச் சத்தம் மாறியது. மிளகின் மேல் மிளகு விழும் சத்தம். நான் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். எண்ணுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனை நாள் ஆயிற்று என்றும் நான் கணக்கு வைக்கவில்லை. எனக்குப் பள்ளியும் வரிசையும் நீங்களும் இருந்தீர்கள்.

தந்தி வரவில்லை. அதற்குள் பட்டியலில் எங்கள் நாலு பேர் பெயரும் வந்துவிட்டது. பத்து நாளில் விமானம்.

"நான் ஏற மாட்டேன் அண்ணே. நீங்க போங்க" என்றாள் அத்தை.

"உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"அவரு சேதி வந்தா இங்கதானே வரும்? நான் இல்லாட்டி யாரு வாங்குவா?"

"வரலைன்னா?"

அம்மா பாத்திரத்தை ஓசையாக வைத்தாள். அத்தை நின்றால் அப்பாவும் நிற்பார், அப்பா நின்றால் நாங்களும் நிற்போம். அப்பா வேலை பார்த்த கடையை அந்த மாதக் கடைசியில் மூடப் போகிறார்கள் என்றும் பேச்சு இருந்தது. அதன் பிறகு நகரத்தில் வேலை இல்லாதவர்களைக் காட்டைத் திருத்திப் பயிர் செய்ய அனுப்பிவிடுவார்கள் என்பது அப்பாவின் பயம். இதெல்லாம் பெரியவர்கள் பேசிக்கொண்டது. எனக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். அத்தை ரசத்துக்கு வறுக்கக் காய்ந்த மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, இதுல படகு போட்டிருக்கு பாரு. என்னான்னு படி."

வாங்கி முகத்தருகே கொண்டுபோனதும் நெடியில் தும்மல் வந்தது. மேலே ஒட்டகத்தின் படம். கீழே அலையும், பாய் இல்லாத ஒரு படகும், அதில் ஒற்றை ஆளும். நான் வியட்நாமியத்தில் படித்துத் தமிழில் சொன்னேன்.

"ஒட்டகம் ஒரே மூச்சில் வாளி வாளியாய்த் தண்ணீர் குடிக்கும்னு போட்டிருக்கு அத்தை."

"அது கெடக்கு. கீழ."

"கடலில் திசை தவறின மனுஷன் சாப்பாடு இல்லாமல் பல வாரம் தாங்குவான். ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அவனால் தாங்கக்கூடிய நாட்கள்..."

அங்கே தாள் கிழிந்திருந்தது.

"எத்தனை நாளு?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தை என் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். இதற்கு முன் யாரும் என் வாயை அப்படிப் பார்த்ததில்லை. வரிசையில் நிற்கும் பெண்கள்கூட. அவள் எதற்காகக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. நல்ல பெரிய எண்ணாகச் சொல்லிச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். பத்து என்றால் சின்னது. பதினைந்து என்றாலும் போதாது. நூறு என்றால் நம்ப மாட்டாள்.

"இருபத்தொண்ணு" என்றேன்.

அத்தை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அச்சுல அப்படித்தான் போட்டிருக்கா?" என்றாள்.

"ஆமா அத்தை."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கயிற்றை விட்டுவிட்டு எழுந்து வந்தார். என் கையிலிருந்து தாளை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் விரலை ஓட்டினார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா படிச்சா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் நான் பெருமையாக இருந்தேன்.

அன்று சாப்பாட்டில் ரசம் வாயில் வைக்க முடியாத காரம். நாலு பேருக்கும் கண்ணிலும் மூக்கிலும் நீர். "என்னா இப்படி மிளகை அள்ளிக் கொட்டியிருக்கே?" என்றாள் அம்மா. அத்தை, "முப்பத்தினாலு" என்றாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவ அடுப்படிக்குப் போனபோது மாடத்தில் டின் காலியாக இருந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குக் கழித்தல் கணக்கு வந்தது. முப்பத்தினாலிலிருந்து இருபத்தொன்று போனால் பதிமூன்று. நான் சொன்ன எண்ணின்படி மாமா செத்துப் பதிமூன்று நாள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். திரை வரைக்கும் போனேன். உள்ளே அத்தை அழவில்லை, துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால், நான் படிக்காததைப் படித்தேன் என்று ஆகும். அப்புறம் யானை, மற்றவை எல்லாமே போகும். பத்து வயதில் என்னிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அத்தை நெற்றியில் பொட்டு இல்லை. தாலிக் கயிற்றைக் கழற்றி அந்த டின்னுக்குள் வைத்திருந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா வாசல் பக்கம் திரும்பி நின்றார். ஒரு வாரத்தில் நாங்கள் நாலு பேரும் விமானம் ஏறினோம். எனாமல் குவளையைக் கொண்டுவர இடமில்லை என்று குழாயடியில் வைத்துவிட்டு வந்தாள் அம்மா. உங்களில் யாராவது அதை எடுத்தீர்களா? ஒரு பக்கம் நீலம் உதிர்ந்து கறுப்புத் தெரியும்.

விமானத்தில் அத்தைக்கு ஜன்னலோரம். அதுவரை அவள் மாடிகூட ஏறியதில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "பாப்பா, கீழ தெரியுறது கடலா?" என்றாள்.

"மேகம் அத்தை."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்றாள்.

"இப்ப கடல்."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. மேகம் மறைத்தபோதும் திரும்பவில்லை. "ஏதாச்சும் சொல்லேன்" என்றாள் ஒரு முறை. எனக்கு ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து உங்கள் ரேடியோ நின்றுபோனது. சென்னையில் இறங்கியபின் நம் கூட்டம் திசைக்கொன்றாகப் பிரிந்ததால் நீங்கள் அதைக் கவனித்திருக்க முடியாது.

நாங்கள் காரைக்காலுக்கு வந்தோம். மூன்று வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. சைகோன் கோயில் முகவரிக்கு வந்து, அங்கிருந்து யார் யார் கையிலோ மாறி எங்களைத் தேடி வந்திருந்தது. உறையில் குளிர் தேசத்துத் தபால்தலை. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் இன்னமும் நான் ஒருத்திதான். அத்தை, அப்பா, அம்மா மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வியட்நாமிய எழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுதியிருந்தபடியே படித்தேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடல் அவரை ஆறே நாளில் விட்டுவிட்டது. ஏழாம் நாள் ஒரு தீவில் கரை ஏறினார். ஆனால் அங்கே முகாமில் தந்தி அடிக்க வழியில்லை, யாரோ எடுத்துப்போய் அடித்த தந்தி கடைக்கு வந்தபோது கடை மூடியிருந்தது. தொடர்ந்து எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. பிறகு அந்தக் குளிர் தேசம் போய்ச் சேர்ந்தார். நம் தெருவிலிருந்து அங்கே வந்த ஒருவர், 'உன் பெண்டாட்டி தாலியைக் கழற்றிவிட்டு விமானம் ஏறிவிட்டாள்' என்று சொன்னார். இப்போது அவருக்கு அங்கே ஒரு குடும்பம், ஒரு பெண் குழந்தை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. 'எதை வைத்து நான் செத்துவிட்டேன் என்று முடிவு செய்தாய்?'

அந்த வரியைப் படிக்கும்போது என் குரல் நடுங்கியது. அத்தை அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவினாள்.

பதிலை அவள் சொல்ல நான்தான் எழுதினேன். "நல்லா இருங்கன்னு எழுது. புள்ளைக்கு என்னா பேருன்னு கேளு." பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். "அவரு கேட்டதுக்கு, அச்சுல போட்டிருந்துச்சுன்னு எழுது."

எழுதினேன். அப்பா எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலை அத்தை கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டாள். தெருவில் கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. இன்றுவரை வைத்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் அவரிடமிருந்து கடிதம் இல்லை.

நான் மேலே மேலே படித்தேன். பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி அறிவிப்புப் பலகையில் தினமும் ஒரு விந்தைச் செய்தி எழுதுகிற பொறுப்பை எனக்கு இரண்டு முறை கொடுத்தார்கள், இரண்டு முறையும் மறுத்தேன். எனக்குத் திமிர் என்று மற்ற ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள். திமிர் உண்டுதான், ஆனால் மறுத்தது அதனால் இல்லை.

அப்பா போன வருஷம் காலமானார். கருமாதி முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். விமானச் சீட்டின் அடி, நாலு பேரின் காகிதங்கள், சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு செங்கல் துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்தால் ஒட்டகம். கீழே படகு. மடிப்பில் இன்னமும் ஒரு மிளகாய் விதை இருந்தது.

இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆயிரக்கணக்கான தாள்களைக் கிழித்துப் பொட்டலம் கட்டியவர் அவர். வரி எங்கே நின்றிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தாள் எங்கே நின்றிருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? ஓரத்தில் விரலை ஓட்டினாரே. அவருக்குத் தெரியும். தெரிந்துதான், 'பாப்பா படிச்சா சரியாத்தான் இருக்கும்' என்றார். தங்கையை விமானத்தில் ஏற்ற அவருக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. அதை மகள் கொடுத்தாள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. அன்று அவர் வாயைத் திறந்திருந்தால் நாங்கள் நாலு பேரும் அங்கேயே நின்றிருப்போம். இந்தப் பட்டம், இந்த வேலை எதுவும் இருந்திருக்காது. அந்தத் தாளை அவர் ஏன் தூக்கி எறியவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடிதம் வந்த பிறகும் வைத்திருந்திருக்கிறார்.

தாளை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. கொல்லையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தை, அப்பா பெட்டியில இது இருந்துச்சு."

கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "மிளகாய்த் தாளு" என்றாள். பிறகு, "படி" என்றாள்.

ஒட்டகத்திலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை அவள் 'அது கெடக்கு' என்று சொல்லவில்லை. படகுக்கு வந்தேன். "குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அவனால் தாங்கக்கூடிய நாட்கள்" என்று படித்து நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக, தாள் நிற்கிற இடத்தில் நின்றேன்.

"இதோட கிழிஞ்சிருக்கு அத்தை. அன்னிக்கும் கிழிஞ்சுதான் இருந்துச்சு."

அவள் தாளின் ஓரத்தை விரலால் தடவினாள். அப்பா தடவியது போலவே. கோணல் மாணலாகக் கிழிந்திருந்த அந்த விளிம்பில் விரல் மெதுவாகப் போய் முடிந்தது. நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அடிக்காகக்கூட.

"அப்ப அந்த எண்ணு நீயாச் சொன்னதா?"

"ஆமா அத்தை."

கீரைத் தண்டு ஒன்றை எடுத்து ஒடித்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஒரு அம்பதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா, பாப்பா?"